லுவேனி வாய் மூடிய நாள்

நீருக்கும் மரத்துக்கும் விலங்குக்கும் வாய் இருந்த காலம் அது. ஆப்பிரிக்காவின் முள்காட்டு நிலம் ஒன்றில் லுவேனி என்று ஒரு சின்ன ஆறு ஓடியது. கறுத்த குன்றின் அடியில் பிறந்து, ஓர் ஆள் நடந்தால் மூன்று நாளில் முடிந்துபோகும் ஆறு. நடுவில் ஒரு யானை படுத்தால் எதிர்க்கரை தெரியாது. ஆனால் பேச்சு மட்டும் பெரிய ஆற்றின் பேச்சு. கல்லைத் தாண்டும்போது பேசுவாள், வேரைச் சுற்றும்போது பேசுவாள், கேட்க ஆளில்லாத இடத்திலும் பேசிக்கொண்டே போவாள்.

அதன் கரையில் வாழ்ந்த மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதலில் பார்ப்பவரிடம் ‘விழித்தாயா?’ என்று கேட்பார்கள். அவர் ‘விழித்தேன், நீ விழித்தாயா?’ என்று திருப்பிக் கேட்டே ஆகவேண்டும். பதில் வராவிட்டால் அவர் மனதில் தீராத பகை இருக்கிறது, அல்லது அவர் உயிரோடு இல்லை. மனிதரிடம் மட்டுமல்ல, ஆட்டிடமும் ஆற்றிடமும் அப்படித்தான் கேட்டார்கள்.

கவாத்தா என்ற பெண் தினமும் முதல் ஆளாகச் சுரைக்குடுக்கையோடு வந்து லுவேனியிடம் கேட்பாள். ஆறு பதில் சொல்லிவிட்டு, கவாத்தாவின் முதுகில் துணியால் கட்டியிருந்த பெண் குழந்தையைப் பற்றி விசாரிக்கும். பல் முளைத்ததா, இரவில் தூங்கினாளா என்று. மழையன்று பிறந்ததால் அவளுக்குச் சியோம்புவா என்று பெயர். அவள் பிறந்த பிறகு அங்கே மழை பெய்யவில்லை.

அந்த ஆண்டு சூரியனுக்கு அடங்காத தாகம். குட்டைகளைக் குடித்தான். வடக்கே இருந்த ஏரியை ஒரே வாரத்தில் குடித்தான். அவனுக்கு ஒற்றனாக வறண்ட காற்று அலைந்தது. காற்றுக்குக் கண் கிடையாது, காதுதான் உண்டு. எங்கே சலசலப்புக் கேட்கிறதோ அங்கே சூரியனைக் கூட்டிவரும்.

லுவேனி பயந்துபோனாள். நீர்யானையிடம் ஒளிய இடம் கேட்டாள். “நானே உனக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறேன், நீ என்னிடம் ஒளிய வருகிறாயே?” என்று அது சிரித்துவிட்டு, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. பருத்த பெருக்க மரம், தன் வயிற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் இடம் இருக்கிறது, ஆனால் உள்ளே வந்தபின் திரும்பக் கேட்கக்கூடாது என்றது. கடைசியில் எல்லோரும் மிதித்துப் போகும் மணல்தான் தானாகப் பேசியது. “எனக்குக் கீழே படுத்துக்கொள். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் நீ வாயைத் திறக்கக்கூடாது. உன்னால் முடியுமா?”

முடியும் என்று லுவேனி சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம்.

மறுநாள் காலையில் கவாத்தாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அத்திமரத்துக்கு எதிரே கையால் தோண்டினால் நீர் ஊறும், எடுத்துக்கொண்டு குழியை மூடிவிட வேண்டும் என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. “ஒன்று மட்டும் செய்யாதே அக்கா. விழித்தாயா என்று கேட்டுவிடாதே. நீ கேட்டால் என்னால் பேசாமல் இருக்க முடியாது.”

அன்று மாலைக்குள் ஆறு இருந்த இடத்தில் வெறும் மணல். ஊரார் மாடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே போனார்கள். கவாத்தாவின் கணவனும் போனான். குழந்தைக்குக் காய்ச்சல், வெயிலில் அவ்வளவு தூரம் தாங்காது என்று அவள் ஊரிலேயே தங்கிவிட்டாள்.

தினமும் போய் வாய் பேசாமல் தோண்டினாள். முதல் நாள் மணிக்கட்டு ஆழத்தில் நீர் வந்தது. சில நாளில் முழங்கை ஆழத்துக்குப் போனது. தலைக்குமேல் காற்று சுற்றிச் சுற்றி வந்து காது கொடுத்துக் கேட்டது. பதில் கேட்டே பழகியவளுக்கு அந்த மௌனம் நெஞ்சில் கல்லாக இருந்தது. கீழே லுவேனி இருக்கிறாளா? இது அவள்தானா, இல்லை அவள் விட்டுப்போன மிச்ச ஈரமா?

ஒருநாள் தோள் வரை கை போயும் ஈரம் தட்டவில்லை. மணல் சாம்பல் போல உதிர்ந்தது. கவாத்தாவின் மார்பில் பால் வற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. முதுகில் இருந்த குழந்தை அழவில்லை. அழாததுதான் அவளைப் பதற வைத்தது. இன்னும் தோண்டினாள். நகம் பிய்ந்தது. செத்த ஆற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறோமா என்ற நினைப்பு வந்தபின் கை ஓடவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது.

குழிக்குள் முகத்தை நுழைத்து, மூச்சோடு மூச்சாகக் கேட்டாள். “சின்னவளே, விழித்தாயா?”

“விழித்தேன் அக்கா! நீ விழித்தாயா? குழந்தை விழித்தாளா?”

அத்தனை நாள் அடக்கிய குரல் மணலைப் பிளந்து வந்தது. கூடவே நீரும் குழி நிறையப் பொங்கியது. கவாத்தா குடுக்கையை அமிழ்த்தினாள். அது பாதி நிறைவதற்குள் சத்தம் கேட்டுக் காற்று திரும்பிவிட்டது. அதன் பின்னாலேயே சூரியன் இறங்கிக் குழியில் வாய் வைத்தான்.

கவாத்தா குடுக்கையையும் குழந்தையையும் அத்திமர நிழலில் தள்ளிவிட்டு, குழியின்மேல் குப்புற விழுந்தாள். முதுகு வெந்தது. இரண்டு கையாலும் மணலை வாரி வாரித் தனக்குக் கீழே தள்ளினாள். வயிற்றுக்கடியில் ஆறு நழுவிப் போவது தெரிந்தது. கூட்டத்தில் பிடித்திருந்த கை விடுபட்டுப் போவது போல, முதலில் மெதுவாக, பிறகு ஒரேயடியாக.

சூரியன் அலுத்துப்போய் மேற்கே நகர்ந்தபின் எழுந்து குழந்தையின் உதட்டை நனைத்தாள். மூன்றாம் முறை நனைத்தபோது அது விழுங்கியது. விடியும்வரை துளித்துளியாகக் கொடுத்தாள்.

மறுநாள் ஓர் ஆள் ஆழம் தோண்டிய பிறகே நீர் வந்தது. தெளிந்த நீர், குளிர்ந்த நீர். குரல் வரவில்லை. பயமா, கோபமா, குரலையே சூரியன் குடித்துவிட்டானா? கேட்க அவளுக்குத் துணிவில்லை. விடை தெரியாமலேயே அள்ளிக் குழந்தைக்குக் கொடுத்தாள், தெரியாமலேயே தானும் குடித்தாள்.

அந்த நாளிலிருந்துதான் லுவேனி மணலுக்கு அடியில், ஆள் ஆழத்தில், சத்தமில்லாமல் ஓடுகிறாள். அங்கே மணல் தோண்டும் பெண்கள் இன்றும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. முதல் கை நீர் ஊறும்வரை குனிந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.