பாறை ஓணான் முகம் சிவந்த கதை

ஓணானும் கவுதாரியும் மனுஷரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு பெரிய பட்டணத்தை ஒட்டி கருக்கன் மலை என்று ஒரு மலை இருந்தது. கடைசித் தெரு முடிகிற இடத்திலேயே மலை தொடங்கிவிடும். மண் கிடையாது, மரம் கிடையாது. அடியிலிருந்து உச்சிவரை ஒரே கருங்கல்.

மலையடியில் ஓர் ஆண் ஓணான் குடியிருந்தது. அப்போது அதற்கு உடம்பு முழுக்கப் பாறை நிறம்தான். "இந்த மலையில நான் கால் வைக்காத இடம் இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்ளும். உண்மையில் அது பாதி மலைக்கு மேலே போனதே இல்லை. மேலே வல்லூறு கூடு வைத்திருந்தது. அந்தப் பயம். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் இப்படி ஒரு பேச்சு.

ஒருநாள் காலையில் சீனியம்மா என்கிற பெண் கைப்பிள்ளையைத் துணியால் சேர்த்து முதுகில் கட்டிக்கொண்டு மலையேற வந்தாள். அவள் புருஷன் வயிரவன் கல்தச்சன். உச்சியில் விளக்குத்தூண் நிறுத்தப் போனவர்களில் அவனும் ஒருத்தன். தூண் நிற்கிறவரைக்கும் மலையிறங்கக் கூடாது, பெண்டாட்டி பிள்ளைகளும் மேலே வரக் கூடாது என்பது தச்சர்களின் விரதம். அவன் மேலே போன பிறகுதான் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு இப்போது ஐந்து மாசம். அப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை.

முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில்தான் தூண் நின்றது. இன்றைக்கு உச்சிவெயில் ஏறியதும் தச்சர்கள் எல்லோரும் மேற்குப் பக்கமாக இறங்கி, வேற்று நாட்டு வேலைக்கு வண்டி ஏறுகிறார்கள். திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். மலையைச் சுற்றிப் போனால் இரண்டு நாள் நடை. ஏறித்தான் போக வேண்டும்.

"தம்பி, உச்சிக்குப் போற வழி உனக்குத் தெரியுமா?" என்று சீனியம்மா ஓணானைக் கேட்டாள்.

உச்சிவரைக்கும் போய்வந்து பழகிய கவுதாரி ஒன்று பக்கத்தில் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. அது சிரித்துவிட்டது. "அதுகிட்டயா கேக்குற தாயி? கொழுந்தனாரு வல்லூறு நிழலப் பாத்தாலே பொந்துக்குள்ள பூந்துக்கிடுவாரு!"

குஞ்சுகளும் சேர்ந்து கெக்கெக்கென்று சிரித்தன.

ஓணானுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதுவும் ஒரு பொம்பளை முன்னால். "அது கெடக்குது அக்கா. நீ என் பின்னாடியே வா" என்றது.

"நெசமாத்தானா? வழி தப்புனா எனக்கு நேரம் இல்ல. கவுதாரிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடவா?"

"புழு பொறுக்குறவளுக்கு மலையப் பத்தி என்ன தெரியும்? வா நீ."

"எனக்கென்ன வந்துச்சு, போங்க" என்று கவுதாரி குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டது.

பாதி மலைவரைக்கும் ஓணான் சரியாகத்தான் கூட்டிப் போனது. அங்கே பாறை இரண்டாகப் பிளந்து நின்றது. இடது பக்கம் ஒரு ஆள் நுழைகிற மாதிரி இருட்டுச் சந்து. வலது பக்கம் அகலமான சரிவு, நல்ல வெயில்.

"எந்தப் பக்கம் தம்பி?"

தெரியாது அக்கா என்கிற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. கவுதாரியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

"வெயில் பக்கமா?" என்று சீனியம்மா மறுபடி கேட்டாள்.

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

அவள் அந்தச் சரிவில் ஏறினாள். வெயில் ஏற ஏறப் பாறை அடுப்புக் கல்லாகக் காய்ந்தது. உள்ளங்கால் கொப்பளித்தது. முந்தானையைப் பிள்ளைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் வைத்து ஏறினாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

"இதுதான தம்பி வழி?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஓணான் மறுபடியும் தலையை ஆட்டியது.

சரிவு ஒரு செங்குத்துப் பாறையில் போய் முட்டி நின்றது. பிடிக்க விரல் அளவு இடுக்குக்கூட இல்லை. தலைக்கு மேலே ஆம்பளைகள் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. "ஏய்யா! ஏய்யா!" என்று சீனியம்மா கத்தினாள். அந்தப் பேச்சுச் சத்தத்தில் இவள் குரல் ஏறவில்லை.

அவள் திரும்பிப் பிளவுவரைக்கும் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். இருட்டுச் சந்துக்குள் நுழைந்தாள். உள்ளே உச்சிவரைக்கும் உளியால் கொத்திய படிகள் இருந்தன. வல்லூறு தலைக்கு மேலே வட்டமிட்டது. ஓணான் அதைக்கூடப் பார்க்காமல் அவள் பின்னாலேயே ஓடியது.

உச்சியில் தூண் மட்டும் நின்றது. அடியில் கல் சிதறல். கஞ்சி காய்ச்சிய அடுப்பில் இன்னும் சூடு இருந்தது. மேற்கே கீழே வண்டிகள் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சீனியம்மா பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கடைசி வண்டி மறைகிறவரைக்கும் பிடித்திருந்தாள். எந்த வண்டியும் நிற்கவில்லை.

பிறகு பாறையில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அது குடித்து முடித்ததும் ஓணானைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கவுதாரியக் கேட்டிருப்பேனே தம்பி."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கல்லை எடுத்து எறிந்திருந்தால் இன்னும் தேவலை. அவள் குரலில் கோபமே இல்லை. ஓணானுக்கு ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது. தலை, கழுத்து, தோள் எல்லாம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று முன்னங்காலை ஊன்றி எம்பியது. தொண்டை உப்பியது. தலை மேலும் கீழும் ஆடியதே தவிர வார்த்தை வரவில்லை. மறுபடி எம்பியது. மறுபடியும் வரவில்லை.

அன்றைக்கு அடைத்த தொண்டை இன்றுவரை திறக்கவில்லை. வெயில் ஏறியதும் பாறையில் ஆண் ஓணான் சிவந்த முகத்தோடு எம்பி எம்பித் தலையாட்டுவது அதனால்தான். தெரியாது அக்கா என்று சொல்லிப் பார்க்கிறது.