மூணு மணிக்கு ஷட்டர் திறக்கணும்

குத்தாலிங்கம் அண்ணாச்சி சீடர், வயசு அம்பத்திரண்டு. குரு சபூராவுக்கு இருபத்தெட்டு. தலைகீழா இருக்கேன்னு சிரிக்காதீங்க, தென்காசியில அந்தச் சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸ்ல அப்படித்தான். அண்ணாச்சி முன்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவரு. அங்க ஒருதடவ சாரைப்பாம்பு பூந்து, ரெண்டு நாளா ஊருக்கே போன் இல்ல. அடிக்க விடலையே மனுசன், சாக்குல புடிச்சு... சரி, அது கிடக்கட்டும்.

அன்னைக்கு விஷயம் அணை. மழையில ரொம்பிப் போச்சு. மூணு மணிக்கு ஷட்டர் திறக்கணும். கீழ ஆத்துக்குள்ள துணி வெளுக்கிறவங்க, மாடு குளிப்பாட்டுறவங்கன்னு இருநூத்திப் பன்னெண்டு பேரு. "மேல ஏறுங்க"ன்னு எல்லாருக்கும் போன் போகணும். அணையில பட்டனை அமுக்குனா, எங்கயோ வாடகைக்குக் கிடக்கிற கம்ப்யூட்டர் முழிச்சு, போனைப் போட்டுட்டு மறுபடி தூங்கிரும். அந்தப் புரோகிராம் அண்ணாச்சி எழுதுனது. நம்பரெல்லாம் தனியா ஒரு செட்டிங்ஸ் ஃபைல்ல.

மணி ரெண்டு பத்து.

"டீச்சர், புரோகிராமை வாடகைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். பத்து தடவ வெள்ளோட்டம் விட்டுப் பாத்தாச்சு. எல்லாம் பச்சை, ஒரு தப்பும் இல்ல."

"எங்க ஓட்டுனீங்க?"

"என் லேப்டாப்புலதான்."

சபூரா எந்திரிச்சு வந்து லேப்டாப்பை மூடுனா. தூக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டா.

"இப்ப ஓட்டுங்க."

"என்னம்மா விளையாட்டு இது, நேரமில்ல!"

"மூணு மணிக்கு இதுவா அண்ணாச்சி போன் போடப்போவுது?"



அவ அணைக்குப் போன் பண்ணி, "சார், பட்டனை இப்பவே ஒருக்கா அமுக்குங்க. முன்கூட்டி போனாலும் நல்லதுதான்"ன்னா.

லிஸ்ட்ல கடைசி நம்பர் அவளோடது. மேசை மேல போனை வச்சுட்டு ரெண்டுபேரும் அதையே பாத்தாங்க. இவ கல்யாணப் பேச்சப்ப இவ அம்மாவும் இப்படித்தான், மாப்பிள்ளை வீட்டுப் போனுக்கு மூணு நாளா சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தா. கடைசியில அடிச்சது கேஸ் சிலிண்டர்காரன்!

போன் அடிச்சுது.

"வந்துட்டு!"ன்னு துள்ளுனாரு அண்ணாச்சி.

அணை இஞ்சினியர். "இங்க வெற்றின்னு காட்டுதும்மா. மூணுக்குத் திறந்திருவேன். அதுக்கு மேல அணை தாங்காது."

சபூரா வாடகைக் கம்ப்யூட்டர் எழுதி வச்ச குறிப்பைத் திறந்தா. போன் போன ஆளுங்க: பூஜ்யம்.

அண்ணாச்சி முகமெல்லாம் வேர்த்துட்டு. "செட்டிங்ஸ் ஃபைலு... புரோகிராம் மட்டும்தான் ஏறும், அது ஏறாது, அங்க தனியாப் பதியணும்னு நீங்க சொன்னீங்க. அது என் லேப்டாப்புல மட்டும்தான் இருக்கு. மறந்துட்டேன் டீச்சர்."

"மறக்கலாம். ஒரு நம்பர்கூட இல்லாம அது ஏன் வெற்றின்னுச்சு?"



"நான்தான் எழுதினேன். லிஸ்ட் காலின்னா சத்தமில்லாம வெற்றின்னு சொல்லிருன்னு. சும்மா சும்மா எரர் வந்துச்சு. நீங்க பாத்தா என்ன நினைப்பீங்கன்னு..."

அவ லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்தா.

அவரு பாஸ்வேர்டை ரெண்டு தடவ தப்பா அடிச்சாரு. நம்பரெல்லாம் அங்க பதிஞ்சு முடிக்க மணி ரெண்டு நாப்பத்தொண்ணு. மறுபடி அணைக்குச் சொன்னாங்க. பட்டன்.

அவ போன் அடிச்சுது. "மேல ஏறுங்க"ன்னு அண்ணாச்சி பதிஞ்ச குரல்.

அதையும் நம்பாம, ஆத்துல துணி வெளுக்கிற மாடத்தியைச் சபூராவே கூப்பிட்டா.

"யாருளா அது? கை பூரா சோப்பு!"

"ஏறியாச்சா அக்கா?"

"ஏறிட்டோம், ஏறிட்டோம். கழுதைதான் முரண்டு பண்ணுச்சு, அதையும் ஏத்தியாச்சு."

மூணு மணிக்கு ஷட்டர் தொறந்துச்சு. சபூரா போனைக் கீழ வச்சா.

அண்ணாச்சி மெள்ளக் கேட்டாரு: "லிஸ்ட் காலின்னாலும் வெற்றிங்கிற அந்த ஒரு வரியை எடுத்துரவா டீச்சர்? எடுத்தா சின்னக் கோளாறுக்கெல்லாம் கத்துமே."

"கத்தட்டும் அண்ணாச்சி. ஆத்துல நிக்கிறவங்க கத்துறதுக்கு முன்னாடி அது கத்தட்டும்."