பிந்தி வந்தவனின் காலடி

சீனித்துறைப் பள்ளிவாசலில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுகொண்டிருந்த பத்தொன்பது பேரை இருவர் சுட்டுக் கொன்று ஆறு வாரம் ஆகியிருந்தது. சுட்ட இருவரில் ஒருவன் இன்னும் பிடிபடவில்லை. இன்றுதான் மறுபடி ஜும்ஆ.

தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்கிற மோதினார் செய்யிது மீரானுக்கு வயது அறுபத்திரண்டு. அவர் ஓதக் கற்பது இமாம் ஜக்கரிய்யா ஹஜ்ரத்திடம். ஹஜ்ரத்துக்கு நாற்பதுதான். தோளில் குண்டு வாங்கி, நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்.

ஹஜ்ரத்துக்கு ஒரு வழக்கம். கடைசி ருகூஉவில், எல்லாரும் குனிந்து நிற்கும்போது, முற்றத்தில் காலடி கேட்டால் நிமிரமாட்டார். அந்தக் குனிவுக்குள் வந்து சேர்ந்தவனுக்கு ஜும்ஆ கிடைத்துவிடும். ஒரு நொடி பிந்தினால் போயிற்று. அன்றைக்கும் காலடி கேட்டது. ஹஜ்ரத் காத்திருந்தார். உள்ளே வந்தது துப்பாக்கி.

'கொலைகாரனுக்குக் காத்திருந்த இமாம்' என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மோதினார் அன்று பள்ளிக்கு வரவில்லை, காய்ச்சலில் கிடந்தார். அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு அவசரமாக ஓடினான் ஒரே மகன் நூஹு. வாசற்படிக்கு உள்ளே அவன் உடல் கிடந்தது. தொழுகையில் சேர்ந்தானா, சேருமுன்பே போனானா? அந்தக் கேள்விதான் ஆறு வாரமாக அவரைத் தின்றது.

"ஹஜ்ரத், வாசக் கதவைப் பூட்டிரட்டா?" என்றார் இன்று.

"பிந்தி வாறவங்க?"

"வராட்டிப் போறாங்க. காலடி கேட்டா இன்னைக்கும் நிப்பியளா?"

"பாங்கு சொல்லுங்க மோதினார். நேரமாச்சு."

பாங்கு சொல்லிவிட்டுத் திரும்பினார். முன்வரிசைக்கு ஆள் பிடிக்க அவர் தொண்டை கிழியக் கத்துகிற ஊர் அது. எல்லாருக்கும் வாசலோரம்தான் பிரியம், வீட்டில் பிரியாணி ஆறிவிடுமே! இன்று முன்வரிசையில் தள்ளுமுள்ளு. வாசலோரம் ஒரு ஆள் இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?

குத்பா உரை முடிந்து தொழுகை தொடங்கியது. கடைசி ருகூஉ. இருநூறு பேரும் வாசலுக்கு முதுகு காட்டிக் குனிந்தார்கள்.

முற்றத்தில் யாரோ ஓடி வந்தார்கள்.

மோதினார் மனசுக்குள் கெஞ்சினார்: நிமிருங்க ஹஜ்ரத், நிமிருங்க. ஹஜ்ரத் நிமிரவில்லை. மூன்று முறை தஸ்பீஹ் துதி ஓதும் நேரம் ஏழாயிற்று, எட்டாயிற்று. கைகால் கழுவும் தொட்டியில் தண்ணீர் சளசளத்தது. பக்கத்தில் ஒருவர் விம்மினார். காலடி படியேறி, உள்ளே வந்து, பின்னால் நின்றது.

"அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொன்னது மூச்சு வாங்கிய ஒரு குரல்.

ஹஜ்ரத் நிமிர்ந்தார்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால், ஐஸ் கம்பெனி உதுமான். கால் இன்னும் ஈரம். "லோடு இறக்க நேரமாயிருச்சு" என்று முனகினான்.

கூட்டம் கலையும்வரை மோதினார் பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை.

"அது பிடிபடாத மத்தவனா இருந்திருந்தா?"

"எனக்கும் அந்தப் பயந்தான்."

"பொறவு ஏன் நின்னிய? அன்னைக்குக் கொலைகாரனுக்கு நின்னது பத்தலையா?"

சொன்னபிறகு மோதினாருக்கே அழுகை வந்தது. ஹஜ்ரத் கட்டுப்போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ரெண்டு வாட்டி காலடி கேட்டுச்சு மோதினார். நான் நின்னது மொதக் காலடிக்கு. ஓடி வந்து, வரிசையில நின்னு, மூச்சு வாங்கிக்கிட்டே தக்பீர் சொன்னாரு. குனிஞ்சு சேர்ந்ததும் நிமிரப் போனேன். அதுக்குள்ள அடுத்த காலடி."

"மொத ஆளு யாரு?"

"தெனமும் கேட்ட குரல், எனக்குத் தெரியாதா? நூஹுவுக்கு ஜும்ஆ கிடைச்சிருச்சு, மோதினார்."