கருநீலமா, இளமஞ்சளா?

எண்ணெய் மில் முதலாளி தவசிலிங்கம், தான் சொன்னால் சுவரும் தலையாட்ட வேண்டும் என்பவர். அவருடைய புது வீட்டில் இரண்டு அறைக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. ஒன்றுக்கு அவர் சொன்ன கருநீலம், மற்றதற்கு அவர் மனைவி குணவதி சொன்ன இளமஞ்சள். மிச்சம் எட்டு அறைக்கு எது என்பதில் வீடு இரண்டுபட்டது.

தவசிலிங்கம் பெயிண்டர் மாரிக்கனியைக் கூப்பிட்டார். "எது ஒசத்தின்னு நீயே சொல்லு. 'ரெண்டும் நல்லாருக்கு'ன்னு மழுப்பக் கூடாது. எங்க ரெண்டு பேர்ல யார் முகம் சுருங்கினாலும் நீ வாளியத் தூக்கிட்டுக் கெளம்பணும்."

எட்டு அறை என்றால் ஒரு மாத வேலை. மாரிக்கனி தலையைச் சொறிந்தாள். "காஞ்ச பிறகுதான் முதலாளி, நிறம் சுயரூபத்தக் காட்டும். நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டதும் சொல்லுதேன்."

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அவள் இரண்டு அறைக் கதவையும் விரியத் திறந்துவிட்டு, கூடத்தில் காத்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து முதலாளியின் அதட்டல் வந்தது. "பதில் எங்க?"

குரல் வந்த அறைக்குப் போனாள். "முதலாளி, இப்ப எங்க உக்காந்திருக்கீங்க?"

தவசிலிங்கம் பேப்பரை இறக்கிப் பார்த்தார். சுற்றிலும் இளமஞ்சள்.

"அந்த அறையில எழுத்தே தெரியல," என்று முனகினார்.

"அம்மா எங்கன்னு பாருங்க."

எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். கருநீல அறையின் குளுமையான இருட்டில் குணவதி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா சொன்ன நிறம் உங்களுக்கு, நீங்க சொன்ன நிறம் அம்மாவுக்கு," என்றாள் மாரிக்கனி. "படுக்கிற அறைக்கெல்லாம் நீலம், உக்கார்ற அறைக்கெல்லாம் மஞ்சள். யார் முகமும் சுருங்கல. வாளியத் தூக்கட்டுமா?"

"தூக்கு," என்றார் முதலாளி. "அடுத்த அறைக்கு. சத்தம் போடாமப் போ, அவ முழிச்சிரப் போறா."