காலி டம்ளர்

“மூணாவது தடவையா என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிட்டீங்க, வாத்தியாரம்மா. எனக்கு என்ன குறைச்சல்?”

கேட்டவர் ஆளவந்தார். வயது அறுபத்தொன்று. நாற்பது வருடம் மேடையில் அப்பாவாகவும் நீதிபதியாகவும் நின்ற நடிகர். அவருடைய நாடகக் குழு கலைந்து இரண்டு வருடமாகிறது. அதன் பிறகு நாடகத்தைப் பற்றி வாய்விட்டுப் பேச ஆளில்லை. வீட்டில் ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள், பாவம், அவர்களும் எவ்வளவுதான் கேட்பார்கள்.

எழும்பூரில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது பின்மேடை மன்றம். நாடகக்காரர்களும் ஓவியர்களும் பாடகர்களும் மட்டும் கூடுகிற இடம். சாயங்காலம் அந்தத் தெருவில் போனால் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு நாற்காலி வேண்டும். ஆளவந்தாருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

அங்கே புதியவர்களைச் சேர்ப்பவர் மங்கையர்க்கரசி, நாடக இயக்குநர். ஆளவந்தாரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் மேடை ஏறிய எவருக்கும் அவர் வாத்தியாரம்மாதான்.

மன்றத்தின் விண்ணப்பத்தில் சிபாரிசு கேட்பதில்லை. ஒரே ஒரு கேள்விதான்: ‘மேடையில் உங்களைக் காப்பாற்றியவர் யார்?’

முதல் தடவை ஆளவந்தார் தன் குழுவின் முதலாளி பெயரை எழுதினார். ‘அவர் மேடை ஏறியதே இல்லையே’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

இரண்டாம் தடவை முருகன் என்று எழுதினார்.

‘எந்த வேஷத்தில் வந்தார்?’

மூன்றாம் தடவை அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘எவருமில்லை. நான் வசனம் மறந்ததே கிடையாது’ என்று எழுதி அனுப்பினார். அது ஒரு குறிப்பும் இல்லாமல் திரும்பி வந்தது. அதனால்தான் இன்று நேரிலேயே வந்து நிற்கிறார்.

வாத்தியாரம்மா கூடத்தின் கோடியில் இருந்த சின்ன மேடையைக் காட்டினார்.

“ஏறி நில்லுங்க.”

ஏறினார்.

“என்ன பேசணும்?”

“ஒண்ணும் பேச வேண்டாம்.”

அவர் நின்றார். வாத்தியாரம்மா கன்னத்தில் கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம் போயிற்று. ஆளவந்தார் தொண்டையைச் செருமினார். இரண்டு நிமிடம். இப்படி ஒரு மௌனத்தில் தான் முன்பும் நின்றிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

“காரைக்குடி,” என்றார் மெதுவாக.

“சொல்லுங்க.”

“பத்தொன்பது வருஷம் ஆச்சு. கல்யாணமாகிப் போற பொண்ணை அப்பா வழியனுப்புற காட்சி. நடுவுல வசனம் சுத்தமா போயிடுச்சு. எதிர்ல மகளா நின்னது குணவதி. அது சட்டுனு பானையிலேருந்து தண்ணி மொண்டு எங்கிட்ட நீட்டிச்சு. ஒத்திகையில அப்படி ஒண்ணு கிடையாது. பானையில தண்ணியும் கிடையாது. நான் அந்தக் காலி டம்ளரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சேன். குடிச்சு முடிக்கிறதுக்குள்ள காட்சி நகர்ந்திடுச்சு. ஜனம் அழுதுது.”

“அப்புறம்?”

“டைரக்டர் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. தண்ணி குடிச்சது உன் யோசனையான்னு கேட்டாரு.” ஆளவந்தார் தலையைக் குனிந்துகொண்டார். “ஆமான்னுட்டேன்.”

வாத்தியாரம்மா விண்ணப்பத்தையும் பேனாவையும் நீட்டினார். அவர் மேடையிலேயே உட்கார்ந்து குணவதி என்று எழுதினார்.

“அது இப்ப எங்க இருக்கோ? ஒரு நன்றிகூடச் சொல்லலையே நான்.”

வாத்தியாரம்மா பக்கத்து அறைப் பக்கம் திரும்பி, “கேரம் ஆடினது போதும், குணவதி. இங்க வா,” என்றார்.

நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக வந்து நின்றவளைப் பார்த்ததும் ஆளவந்தார் எழுந்தார். கை தானாகக் குவிந்தது.

“அம்மா, அன்னைக்குக் காரைக்குடியில நீ அந்தத் தண்ணியைக் குடுக்கலைன்னா நான் அவமானப்பட்டுச் செத்திருப்பேன்.”

“ஐயோ, கையை இறக்குங்கண்ணே. வசனத்தை மறந்தது நான்தானே? என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் பானையில கையை விட்டேன். வேற யாராயிருந்தாலும் முறைச்சிருப்பாங்க. நீங்க ஒண்ணுமில்லாத டம்ளரை அவ்வளவு நேரம் நிதானமா குடிச்சீங்களே! நீங்க குடிச்சு முடிக்கிறதுக்குள்ளதானே எனக்கு என் வசனம் ஞாபகம் வந்து பேசினேன்.”

“இல்லம்மா, மறந்தது நான்.”

“நான்தாண்ணே.”

வாத்தியாரம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பிரித்து வைத்தார். ஒன்பது வருடத்துக்கு முன் குணவதி எழுதிக் கொடுத்தது. அதே கேள்வி. கீழே, கோணல் எழுத்தில், ‘ஆளவந்தார் அண்ணன்.’

ஆளவந்தார் அதைப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். அவர் வெளியே தெருவில் நின்று சிரிப்புச் சத்தம் கேட்ட நாளெல்லாம் அவர் பெயர் இந்த வீட்டுக்குள் நன்றியோடு இருந்திருக்கிறது.

“இதை முதல் நாளே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, வாத்தியாரம்மா?”

“நான் எடுத்துக் குடுத்திருந்தா, அது உங்க வசனமா இருந்திருக்காதே.”