மூன்றாவது வட்டம்

கோவை பீளமேட்டில் வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி ஒன்றில், ஓர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். அந்த அறைக்கு மாதம் ஒரு பெட்டி வந்தது. அதைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதுதான் வழக்கு. தீர்ப்பு உங்களுடையது. நடந்ததைக் கூட்டாமல் சொல்கிறேன். பாதியில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

பெட்டி செண்பகாவின் பெயருக்கு வந்தது. தாராபுரத்துப் பெண். பம்பு செட்டு செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வேலை நிரந்தரமான மாதம் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பரிசு அந்தச் சந்தா. மாதம் ஐந்து அழகுப் பொருட்கள் வரும். எல்லாம் சுண்டுவிரல் அளவு. முகப்பூச்சு, உதட்டுச் சாயம், பவுடர், கண்மை, ஒரு சீரம். போட்டுப் பார்த்துப் பிடித்தால் பெரியதாக வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

பதினோரு மாதமாக அவள் ஒன்றும் வாங்கவில்லை. முகப்பூச்சைப் போட்டால் முகம் சாம்பல் பூத்தது. உதட்டுச் சாயம் காய்ச்சலில் கிடந்தவள் போல் காட்டியது. எல்லாம் அடுத்த கட்டிலுக்குப் போயின. அங்கே இருந்தவள் ரெஜினா, தூத்துக்குடிக்காரி, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவளுக்கு அவை அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தின. மூன்றாவது கட்டில் ஆம்பூர் தில்ஷாத்துடையது. பள்ளி ஆசிரியை. முகத்துக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் போடாதவள்; ஆனால் எதைப் பற்றியும் கருத்து உள்ளவள்.

பன்னிரண்டாம் மாதம் செய்தி வந்தது: சந்தாவைத் தொடர்கிறீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும்.

“நிறுத்துடி. பெட்டி உன் பேர்ல, பளபளப்பு அவ மூஞ்சில,” என்றாள் தில்ஷாத்.

“ஏட்டி, உனக்கு எங்க எரியுது? நான் பளபளன்னு இருந்தா இந்த ரூமுக்குத்தான பெருமை,” என்றாள் ரெஜினா.

செண்பகா எந்தப் படிவத்தையும் மூன்று முறை படித்த பிறகே ஒப்புக்கொள்பவள். சந்தாவில் சேர்ந்தபோது தான் நிரப்பியதை எடுத்துப் பார்த்தாள். ‘உங்கள் நிறம்’ என்ற இடத்தில், வெளுப்பிலிருந்து கருப்பு வரை ஆறு வட்டங்கள். அவள் தொட்டிருந்தது மூன்றாவது. மாநிறம். அவளுடைய நிறம் ஆறாவது.

அன்றும் மூன்று முறை படித்துத்தான் அனுப்பியிருந்தாள். மூன்று முறையும் அது பிழையாகத் தெரியவில்லை. வரன் பார்க்க அவள் வீட்டிலிருந்து போகும் குறிப்பில் ‘நிறம்: மாநிறம்’ என்றுதான் இருக்கும். அக்காவுக்கும் அப்படித்தான் போட்டார்கள், சித்தி மகளுக்கும் அப்படித்தான். மூவரும் ஒரே கருப்பு. சந்தாவில் சேர்ந்த அந்த மாதம் மட்டும் அவள் அந்தக் குறிப்பை நான்கு இடங்களுக்குத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாள். ஐந்தாவது முறை, இந்தப் படிவத்தில், விரல் தானாக மூன்றாவது வட்டத்துக்குப் போய்விட்டது.

நிறுவனத்தை அழைத்தாள். மற்ற இருவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாத்திக்கலாம் மேடம்,” என்றது ஒரு பெண் குரல். “ஆனா அந்த நிறத்துக்கு எங்களுக்குப் பொருள் வர்றதே கம்மி. பெட்டியில ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு இருக்கும்.”

“ஏன் கம்மியா வருது?”

“அந்த வட்டத்தைத் தொடுறவங்க கம்மி மேடம்.”

“அப்ப சந்தாவும் கம்மியா?”

“அது அதேதான் மேடம்.”

போனை வைத்ததும் ரெஜினா எழுந்து உட்கார்ந்தாள். “மாத்தாத. அஞ்சு வர்ற இடத்துல ரெண்டை யாராவது கேட்டு வாங்குவாளா? உள்ளதை உள்ளபடி போட வட்டம் என்ன, ரேஷன் கார்டா? எனக்காகச் சொல்லலட்டி.” கொஞ்சம் யோசித்தாள். “சரி, எனக்காகவும்தான்.”

“இப்பவே நிறுத்து,” என்றாள் தில்ஷாத். “கருப்பா இருந்தா பாதிப் பெட்டி, முழுக் காசா? அவங்களுக்கு இனி ஒத்த ரூபா போகக் கூடாது.”

செண்பகா இரண்டையும் செய்யவில்லை. ஆறாவது வட்டத்தைத் தொட்டாள். ‘தொடர்கிறேன்’ என்பதை அழுத்தினாள். கருத்து எழுதும் இடத்தில், ‘பெட்டி பாதியாக வந்தால் மீதி எங்கே என்று ஒவ்வொரு மாதமும் கேட்பேன்’ என்று எழுதினாள். பிறகு அம்மாவை அழைத்தாள். காங்கேயத்தில் ஓர் இடத்துக்கு அவளுடைய குறிப்பு மறுநாள் போக இருந்தது.

“அம்மா, குறிப்புல நிறம்ங்கற எடத்துல கருப்புன்னு மாத்திப் போடுங்க.”

“ஏங்கண்ணு, வர்ற எடமும் நின்னு போயிருமே!”

“படிச்சுப் போட்டு வர்றவங்க வரட்டும். நிக்கறவங்க நிக்கட்டும்.”

“உங்கப்பாகிட்ட நீயே சொல்லிக்க.”

“குடுங்க, சொல்றேன்.”

அப்பா போனுக்கு வரும்வரை அவள் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். நிறத்தை மாற்றாமல் தொடரச் சொன்னாள் ரெஜினா. ஒரேயடியாக நிறுத்தச் சொன்னாள் தில்ஷாத். பாதிதான் வரும் என்று தெரிந்தும் மாற்றித் தொடர்ந்தாள் செண்பகா. அது வீம்பா, நியாயமா? இந்த மூவரில் யாருடைய முடிவு சரி?

விடை: செண்பகாவினுடையது. ஒரு பெட்டி வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல, அது முதலில் நமக்கு வந்திருக்க வேண்டும். பதினோரு மாதமும் பெட்டி அவள் பெயருக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை. தில்ஷாத்தின் கோபத்தில் தவறில்லை. ஆனால் மூன்றாவது வட்டத்தில் இருந்தபடியே நிறுத்தியிருந்தால், மாநிறப் பெண் ஒருத்தி விலகிவிட்டாள் என்றுதான் அங்கே பதிவாகியிருக்கும். ஆறாவது நிறத்தில் ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. இனிமேலும் பெட்டி பாதியாகவே வந்துகொண்டிருந்தால் செண்பகா தாராளமாக நிறுத்தலாம். அப்போது தில்ஷாத் சொன்னதும் சரியாகிவிடும். ரெஜினா சொன்னது எந்த மாதத்திலும் சரியாகாது.