அறுபத்திரண்டாவது பேனா

எங்கள் பக்கத்தில் ஐயர் என்றால் கிறிஸ்தவச் சபையின் குருவானவர். தவசிமுத்து ஐயருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய சிஷ்யர் என்று ஊரே சொல்லும் எபநேசர் சாருக்கு ஐம்பத்தாறு. மிஷன் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். வியாழக்கிழமைதோறும் நோட்டும் கையுமாக வந்து ஐயர் சொல்வதை எழுதிக்கொண்டு போவார். எழுதியதை வைத்து என்ன செய்தார் என்பது வேறு கதை.

பள்ளிக்கூட வாசலில் ஒரு வசனம் உண்டு. ஞானம் வேண்டுமென்றால் முதலில் கர்த்தருக்குப் பயப்பட வேண்டும் என்று அர்த்தம். பெயின்ட் உதிர்ந்து பாதி எழுத்துதான் மிச்சம். பக்கத்திலேயே இன்னொரு போர்டு: பத்தாம் வகுப்பில் பதினோரு வருடமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அதற்கு மட்டும் வருடம் தவறாமல் பெயின்ட் அடிப்பார்கள்.

அந்த வியாழக்கிழமை சார் கேட்டார்.

"ஐயா, பிள்ளைகளுக்கு மார்க் வருது. ஞானம் வர மாட்டேங்கு. தினம் ஜெபம் பண்ணித்தான் பள்ளிக்கூடத்தைத் தொடங்குதோம். எங்க தப்புது?"

ஞாயிற்றுக்கிழமை பேனா ஜெபம் முடியட்டும், பிறகு பேசலாம் என்றார் ஐயர்.

பேனா ஜெபம் எங்கள் ஊர் வழக்கம். பொதுத் தேர்வுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பேனாவைப் பீடத்தில் வைப்பார்கள். சிலுவைக்காரப் பிள்ளை, விபூதிக்காரப் பிள்ளை என்ற பேதமெல்லாம் அன்றைக்குக் கிடையாது. ஐயர் கைவைத்து ஜெபிப்பார்.

அன்றைக்கு எபநேசர் சாரே பேனாக்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, ராங்க் வரிசைப்படி ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தார். முதல் ராங்க் பேனா மேலே. கடவுள் முன்னாலும் ராங்க்தான். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

ஐயர் தட்டைப் பார்த்தார். ஒவ்வொரு பேனாவாக எண்ணினார். அவர்தான் பள்ளிக்கூடத்தின் தாளாளரும். வகுப்பில் அறுபத்திரண்டு பேர் என்பது அவருக்குத் தெரியும். தட்டில் இருந்தது அறுபத்தொன்று.

ஒரு பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, பரீட்சை எழுதவில்லை, அம்மா கடிதம் கொடுத்திருக்கிறாள் என்றார் சார்.

கடைசி வரிசையில் இசக்கியம்மாள் எழுந்து நின்றாள். கையில் ஒரு நீலப் பேனா. பக்கத்தில் இருந்த அம்மா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்குக் காமாலை இல்ல ஐயா," என்றாள் அந்தப் பிள்ளை.

ஐயர் அம்மாவைக் கேட்டார். பீடி சுற்றிப் பிழைக்கிறவள், பயந்து பயந்து சொன்னாள். திருப்புதல் தேர்வில் மகள் மூன்று தடவையும் கணக்கில் தோற்றுவிட்டாளாம். சார் கூப்பிட்டு விட்டாராம். ஒருத்தியால் அறுபத்தொரு பேருக்கும் கெட்ட பெயர் வர வேண்டாம், ஜூனில் துணைத் தேர்வு எழுதட்டும் என்றாராம். எழுதி வைத்திருந்த கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டாராம். ஹால் டிக்கெட்டும் அவரிடமே இருக்கிறதாம்.

ஐயருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து எபநேசர் சார் கையில் கொடுத்தார்.

"இதுக்கு ஜெபம் வேண்டாம். இவங்க பாஸாக வேண்டிய ஏற்பாட்டையெல்லாம் நீங்களே பண்ணிட்டீங்க."

முதல் ராங்க் பிள்ளையின் அப்பா எழுந்து, என் மகள் என்ன பாவம் செய்தாள் என்று சண்டைக்கு வந்தார். உட்காரச் சொன்னார் ஐயர். உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு இசக்கியம்மாளைக் கூப்பிட்டு, அவள் பேனாவை வாங்கிப் பீடத்தில் தனியாக வைத்து, முழங்காலில் நின்றார். அது ஜெபம் மாதிரியே இல்லை. பெரிய இடத்தில் போய் முறையிடுகிறவன் பேச்சு மாதிரி இருந்தது. இவள் பாஸாக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பதினோரு வருடமாக அந்தப் போர்டுக்குக் கீழே நின்று மாலை வாங்கியவன் நானும்தான், ஒருநாளாவது தலை எண்ணிப் பார்க்காமல் போனேனே என்று சொல்லி அழுதார். கோபத்தில் வந்த அழுகை அது.

எழுந்து திரும்பினார்.

"இந்தப் பதினோரு வருஷத்துல எத்தன பேருக்குக் காமாலை வந்துது சார்?"

எண்ணிக்கை சாருக்குத் தெரியாமல் இருக்காது. அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

நூற்றுக்கு நூறு போய்விட்டால் அடுத்த வருடம் ஒருவரும் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள், பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான், எனக்காகவா செய்தேன், கர்த்தருடைய பள்ளிக்கூடத்துக்காகத்தானே என்றார் சார். சொல்லச் சொல்ல அவருக்கே ரோஷம் வந்துவிட்டது.

"நான் வியாழக்கிழமை கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல ஐயா. ஞானம் எங்க தப்புது?"

இசக்கியம்மாள் பீடத்திலிருந்து தன் பேனாவை எடுத்துக்கொண்டு நேரே சார் முன்னால் வந்தாள். ஹால் டிக்கெட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பதினைந்து வயது. சார் இடுப்பு உயரம்கூட இல்லை என்று சொன்னால் மிகை, தோள் வரை இருப்பாள். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

ஐயர் அதைப் பார்த்தார்.

"யாருக்குப் பயப்படணும்னு வாசல்ல எழுதி வச்சிருக்கோம் சார். நீங்க இந்தப் பிள்ளைக்குல்லா பயந்திருக்கீங்க."

எபநேசர் சார் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்தார்.